படி ஏறும் கால்களும் பி.டி. பீரியடும்

விளையாட்டைப் பற்றிய மனப்பான்மையோடு யாரும் பிறப்பதில்லை. வீட்டில் காதில் விழும் பேச்சு, மைதானத்தில் முதல் நாள் கிடைத்த கைத்தட்டல் அல்லது கேலி, தெருவில் யார் ஆடுகிறார்கள், யார் ஓரமாக நின்று பார்க்கிறார்கள் என்ற அன்றாடக் காட்சி, பள்ளி அதற்கு ஒதுக்கும் நேரம், ஊர் அதற்குக் கொடுக்கும் மரியாதை ஆகியவை சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒருவர் மனத்தில் விளையாட்டுக்கு ஓர் இடத்தை உண்டாக்குகின்றன; சில வேளை இடமே இல்லாமல் செய்துவிடுகின்றன. எல்லாமே கற்றுக்கொண்டது என்பதால் அதை மாற்றியும் கற்றுக்கொள்ள முடியும்.

இதை விளங்கிக்கொள்ள ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி ஏற்ற ஊர். முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றான இம்மலைக் கோயிலுக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பக்தர்கள் பெருந்திரளாகக் காவடி எடுத்து வருகிறார்கள். ஆண்டின் கடைசி நாளில் நடக்கும் படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி ஏறுகிறார்கள். வண்டி போகும் மலைப்பாதை இருந்தும் படியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். விரதம் இருந்து, வெறுங்காலோடு, தோளில் காவடியுடன் ஏறும் அந்த உழைப்பை வீண் வேலை என்று யாரும் சொல்வதில்லை.

அதே வீட்டுப் பிள்ளை மாலையில் கபடிப் பயிற்சிக்கு நிற்கிறேன் என்றால் பேச்சு மாறிவிடுகிறது. “விளையாடி என்ன ஆகப்போகுது?”, “படிக்கிற வழியைப் பாரு”, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?” என்ற கேள்விகள் தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் புதியவை அல்ல. ஆகவே உடலை வருத்துவதில் மக்களுக்குத் தயக்கம் இல்லை. எதற்காக வருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேர்த்திக்கடனுக்கு ஊர் ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறது. விளையாட்டுக்கு இன்னும் கொடுக்கவில்லை. அந்தப் பொருள் எப்படி உண்டாகிறது, எப்படி மாறுகிறது என்பதை உளவியல் நூறாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

எண்ணம், உணர்வு, செயல்

ஒரு பொருளையோ ஆளையோ செயலையோ பற்றி ஒருவருக்கு நிலையாக இருக்கும் சாதகமான அல்லது பாதகமான சார்பே மனப்பான்மை. அதில் மூன்று கூறுகள் உண்டு. முதலாவது எண்ணம்: ஓடினால் உடம்புக்கு நல்லது, விளையாடினால் படிப்பு கெடும் என்பன போன்ற நம்பிக்கைகள். இரண்டாவது உணர்வு: மைதானத்தைப் பார்த்தால் வரும் உற்சாகம், கூச்சம் அல்லது பயம். மூன்றாவது செயல்: விளையாடப் போவது, போகாமல் இருப்பது, பிள்ளையை அனுப்புவது, தடுப்பது.

மூன்றும் ஒரே திசையில் போகவேண்டும் என்பதில்லை. நடைப்பயிற்சி நல்லது என்று உறுதியாக நம்பும் ஒருவர் ஒரு நாளும் நடக்காமல் இருக்கலாம். மகளின் ஓட்டத்தைப் பார்த்து உள்ளுக்குள் பூரிக்கும் தாய், அக்கம்பக்கத்துப் பேச்சுக்குப் பயந்து அவளை நிறுத்திவிடலாம். சொல்வதும் செய்வதும் வேறாக இருக்கலாம் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லப்பியர் 1934இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து அவர் 250க்கும் மேற்பட்ட விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஓர் இடத்தில் மட்டுமே மறுப்பு வந்தது. பின்னர் சீனர்களை ஏற்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கமாட்டோம் என்றார்கள்.

மார்ட்டின் ஃபிஷ்பைன், ஐசக் அய்சன் ஆகிய இருவரும் 1970களில் இதைத் தெளிவுபடுத்தினார்கள். பொதுவான மனப்பான்மையை வைத்து ஒரு குறிப்பிட்ட செயலைக் கணிக்க முடியாது. “விளையாட்டு நல்லதா?” என்று கேட்டால் பெரும்பாலோர் நல்லது என்றே சொல்வார்கள். “உங்கள் எட்டாம் வகுப்பு மகள் வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறு மணி வரை பள்ளி மைதானத்தில் பயிற்சி செய்ய விடுவீர்களா?” என்று கேட்டால்தான் உண்மை நிலை தெரியும். எண்ணத்தோடு, சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கணக்கும், அது தன்னால் ஆகுமா என்ற கணக்கும் சேர்ந்தே செயலைத் தீர்மானிக்கின்றன.

வீடும் தெருவும்

மனப்பான்மையின் முதல் பள்ளி வீடு. பிள்ளைகள் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுப் பின்பற்றுகிறார்கள் என்பதை ஆல்பர்ட் பண்டூராவின் ஆய்வுகள் 1960களிலேயே நிறுவின. திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியாக எட்டிவிடக்கூடிய வேலூரில் இதற்குச் சான்று உண்டு. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் தந்தை, தேசிய அளவில் பளு தூக்கியவர். அந்த வீட்டில் பளுதூக்குதல் விசித்திரமான ஆசையாக இருக்கவில்லை. அப்பா செய்த காரியமாக இருந்தது.

எல்லா வீடுகளுக்கும் அந்த வசதி இல்லை. திருத்தணியைச் சுற்றிய பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பகுதிகளில் நெசவு முக்கியத் தொழில். தறி வீட்டில் எல்லாக் கைகளுக்கும் வேலை உண்டு. தார் சுற்றப் பிள்ளைகளும் வேண்டியிருக்கும். தறி ஓடினால்தான் கூலி என்னும் நிலையில், மைதானத்தில் போகும் ஒரு மணி நேரம் அந்தக் குடும்பத்துக்குக் கண்கூடான இழப்பு. விளையாட்டின் பலனோ ஆண்டுகள் கழித்து வரக்கூடியது, வராமலும் போகலாம். இப்படிக் கணக்குப் பார்க்கும் பெற்றோரை விளையாட்டின் எதிரிகள் என்று ஒதுக்குவது தவறு. அவர்களது எண்ணம் அனுபவத்திலிருந்து பிறந்தது. அனுபவம் மாறாமல் எண்ணத்தை மட்டும் மாறச் சொல்வது பயன் தராது.

வீட்டுக்கு வெளியே தெருவும் நட்பும் வேலை செய்கின்றன. நண்பர்கள் கிரிக்கெட் ஆடினால் கிரிக்கெட்; வாலிபால் ஆடினால் வாலிபால். அடிக்கடி கண்ணில் படுவதே பிடித்துப்போகிறது என்பதை ராபர்ட் ஸையன்ஸ் 1968இல் சோதனைகள் மூலம் காட்டினார். தொலைக்காட்சியும் கைபேசியும் கிரிக்கெட்டை ஆண்டு முழுவதும் கண்முன் வைத்திருக்கின்றன. கோ-கோவும் கைப்பந்தும் எப்போதாவது தலைகாட்டுகின்றன. ஒரு விளையாட்டின் மேல் உள்ள ஆசையில் பாதி, அதைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு.

பள்ளி கற்றுத்தரும் பாடம்

தமிழ்நாட்டில் உடற்கல்வியின் வரலாறு நீண்டது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது என்று கருதப்படுகிறது. பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடும் போனார். இந்த வரலாற்றில் திருத்தணிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1888 செப்டம்பர் 5 அன்று இவ்வூரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49), உடல்தகுதியற்றோரும் என்.சி.சி.யில் இருப்போரும் தவிர மற்ற மாணவர், மாணவியர் அனைவருக்கும் இரண்டாண்டு உடற்கல்வி கட்டாயமாக இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. தத்துவப் பேராசிரியர் ஒருவர் தலைமையில் அமைந்த குழு, உடலைக் கல்விக்கு வெளியே வைக்கவில்லை.

வகுப்பறை நடைமுறை வேறாக இருக்கிறது. தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்வது ஊரறிந்த வழக்கம். விளையாட்டுத் துறைப் பொறுப்பில் இருந்தபோது உதயநிதி ஸ்டாலின், அந்த பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது ஊறிப்போயிருக்கிறது. பறிபோவது 40 நிமிடம் மட்டும் அல்ல. விளையாட்டு எப்போது வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கக்கூடியது என்ற பாடத்தையும் பிள்ளை அன்று சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

தண்டனையும் அப்படித்தான். தாமதமாக வந்தால் கிரவுண்டை நான்கு சுற்று ஓடு, வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் தோப்புக்கரணம் போடு என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், உடலை அசைப்பது குற்றத்துக்கான கூலி என்ற தொடர்பு மனத்தில் பதிகிறது. தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளும் கவனிக்கத்தக்கவை. அதிகம் ஆடிப் பழகவேண்டிய பிள்ளையே முதலில் ‘அவுட்’ ஆகி, அதிக நேரம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அணி பிரிக்கும்போது கடைசியாக அழைக்கப்படும் பிள்ளைக்கு விளையாட்டு என்பது எல்லார் முன்னிலையிலும் தன் குறையைக் காட்டிக்கொடுக்கும் இடம். இத்தகைய முதல் அனுபவங்கள் வளர்ந்த பின்னும் “எனக்கு ஸ்போர்ட்ஸ் எல்லாம் வராது” என்ற உறுதியான சொல்லாக நிலைத்துவிடுகின்றன.

உடலை அசைக்காத போக்கு உலகம் முழுவதும் தெரிகிறது. 11 முதல் 17 வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அந்த அளவை எட்டாதவர்கள் 81 சதவீதம். பையன்களில் 78 சதவீதம். பெண்பிள்ளைகளில் 85 சதவீதம்.

தப்பெண்ணம் என்னும் தடை

ஒரு குழுவைச் சேர்ந்தவர் என்பதாலேயே ஒருவரால் இது முடியாது, இது அவருக்கு ஏற்றதல்ல என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது தப்பெண்ணம். விளையாட்டில் அது பெண்களையும், ஒடுக்கப்பட்ட சாதியினரையும், மாற்றுத்திறனாளிகளையும் நெடுங்காலம் களத்துக்கு வெளியே நிறுத்தியது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஓடியவர்கள் சோர்ந்து விழுந்தார்கள் என்று செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தி எழுதின. அந்த ஓட்டம் நீக்கப்பட்டு 1960 வரை திரும்பி வரவில்லை. 1967 பாஸ்டன் மாரத்தானில் எண் அணிந்து ஓடிய கேத்தரின் ஸ்விட்சரைப் போட்டி அதிகாரி ஒருவர் ஓட்டத்தின் நடுவே பிடித்து இழுக்க முயன்றார். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர 1984 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பெண்ணுடல் தாங்காது என்று சொல்லி ஓடவிடாமல் தடுத்தார்கள். பெண்கள் ஓடாததையே தாங்காது என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். தப்பெண்ணம் தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும் வழி இது.

தமிழ்நாட்டிலும் வலிதரும் வரலாறு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. ஓடிய கால்களைப் பற்றிய பேச்சு நின்று, உடலைப் பற்றிய பேச்சு நாடெங்கும் பரவியது. அதைத் தாங்கி மீண்டு அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பவரானது, விளையாட்டு உலகம் அவருக்குத் திருப்பித் தராததை அவரே மற்றவர்களுக்குத் தந்த செயல்.

சாதியின் கதை இன்னும் பழையது. தலித் சமூகத்தில் பிறந்த பல்வாங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அதற்கு முன் புனேயில் மற்றவர்களோடு ஒரே களத்தில் பந்து வீசியபோது, அணியினர் தேநீர் பருகும் இடத்துக்கு வெளியே தனிக் குவளையில்தான் அவருக்குத் தேநீர். திறமை ஒருவரைக் களத்துக்குள் கொண்டுவரும். பந்திக்குள் கொண்டுவர அது மட்டும் போதாது.

மாற்றுத்திறன் பற்றிய எண்ணத்தை உடைத்தவர்களில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு முதன்மையானவர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அவரை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என மூன்று பதக்கங்களை அவர் வென்றார். ஓர் ஆசிரியரின் மனப்பான்மை வேறாக இருந்திருந்தால், அந்தப் பையன் பி.டி. பீரியடில் மற்றவர்களின் பைகளுக்குக் காவல் உட்கார்ந்திருப்பான்.

சொல்லி மாற்றுவது

மனப்பான்மையை மாற்ற எல்லாரும் முதலில் கையாளும் வழி பேச்சு. எத்தகைய பேச்சு எடுபடும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லண்ட் குழுவினர் 1950களில் ஆராய்ந்தார்கள். சொல்பவர் யார், என்ன சொல்கிறார், கேட்பவர் யார் என்ற மூன்றையும் பொறுத்தே பலன் அமைகிறது. சொல்பவர் விவரம் தெரிந்தவராகவும் நம்பத்தக்கவராகவும் இருக்கவேண்டும். கேட்பவரைப் போன்றவராக இருந்தால் இன்னும் நல்லது. நெசவாளர் வீட்டுத் தாயிடம் நட்சத்திர வீரரின் விளம்பரத்தைவிட, பக்கத்துத் தெருவில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் பெற்ற பெண்ணின் தாய் பேசுவது அதிகம் எடுபடும்.

சொல்லும் செய்தி, கேட்பவர் ஏற்கெனவே மதிக்கும் ஒன்றோடு ஒட்டவேண்டும். சதுரங்கம் இதற்குத் தமிழ்நாடு தந்த நல்ல எடுத்துக்காட்டு. 1961இல் மானுவல் ஆரன் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவென்று வைஷாலியைப் பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா வந்தார். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். சதுரங்கம் மூளையைக் கூர்மையாக்கும், படிப்புக்கு உதவும் என்ற எண்ணம், கல்வியை உயர்வாக மதிக்கும் குடும்பங்களில் எளிதாக இடம்பிடித்தது. தடகளத்துக்கும் கபடிக்கும் அப்படி ஒரு பாலம் இன்னும் சரியாகப் போடப்படவில்லை. விளையாடும் பிள்ளை நன்றாகத் தூங்கும், தோல்வியைத் தாங்கப் பழகும் என்று பெற்றோரின் கவலைகளை ஒட்டிப் பேசினால் காது கொடுப்பார்கள். “படிப்பு முக்கியமல்ல” என்று தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும்.

செய்ய வைத்து மாற்றுவது

பேச்சைவிட ஆழமாக வேலை செய்வது அனுபவம். லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, எண்ணமும் செயலும் முரண்பட்டால் மனம் அமைதியற்றுப்போகிறது. இரண்டில் ஒன்றை மாற்றிச் சமன் செய்துகொள்கிறது. நடந்த செயலை இல்லையென்று ஆக்க முடியாது என்பதால் பெரும்பாலும் எண்ணமே இளகுகிறது. “எனக்கு ஓட வராது” என்று நம்பும் பிள்ளை ஒரு நாள் நிற்காமல் பத்து நிமிடம் ஓடிவிட்டால், அந்த நம்பிக்கைக்கும் ஓடி முடித்த கால்களுக்கும் இடையே முரண் எழுகிறது. கட்டாயப்படுத்தி ஓடவைத்தால் இது நடக்காது. சார் சொன்னதால் ஓடினேன் என்று மனம் காரணம் சொல்லித் தப்பிவிடும். தானே ஒப்புக்கொண்டு செய்ததுதான் எண்ணத்தை மாற்றும்.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்றார் பண்டூரா: தானே பெற்ற வெற்றி, தன்னைப் போன்றவர் வெல்வதைப் பார்ப்பது, மதிப்புக்குரியவரின் ஊக்கச் சொல், உடலின் படபடப்பைப் பயமாக அல்லாமல் தயார்நிலையாகப் புரிந்துகொள்வது. இவற்றில் வலுவானது முதலாவது. எனவே தொடக்கத்தில் வெற்றி எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். சின்னப் பந்து, தாழ்ந்த வலை, சிறிய களம், நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடும் நேரக்குறிப்பு ஆகியவை இதற்கான எளிய கருவிகள்.

இரண்டாவது ஊற்றுக்குத் தமிழ்நாட்டில் புதிய முகங்கள் வந்திருக்கின்றன. ஆட்டோ ஓட்டுநரின் மகளான வடசென்னை காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா துணைக் கேப்டன். குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னால் வேலை கொடுக்கவே தயங்கியவர்கள் உண்டு. இத்தகைய வெற்றி, வீராங்கனையைப் பற்றிய எண்ணத்தோடு அவர் ஊரைப் பற்றிய எண்ணத்தையும் மாற்றுகிறது.

சேர்ந்து ஆடுவது

விளையாட்டு மக்களை ஒன்றுசேர்க்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது எப்போதும் உண்மை அல்ல. முசாஃபர் ஷெரிஃப் 1954இல் அமெரிக்காவில் 22 சிறுவர்களை இரண்டு குழுவாக்கி முகாமில் தங்கவைத்தார். போட்டிகள் தொடங்கியதும் பகை வளர்ந்தது. ஒரே இடத்தில் சாப்பிடவைத்தும் தணியவில்லை. இரு குழுவும் சேர்ந்து முயன்றால்தான் முடியும் என்ற பொது வேலைகளைக் கொடுத்த பிறகே நட்பு முளைத்தது. சமநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால் பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று கார்டன் ஆல்போர்ட்டும் அதே ஆண்டு எழுதினார்.

இதை இந்தியச் சாதிச் சூழலிலேயே சோதித்துப் பார்த்தவர் பொருளியலாளர் மாட் லோவ். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 1,261 இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் லீக் நடத்தினார். சிலரை ஒரே சாதி அணியிலும் சிலரைக் கலப்பு அணியிலும் சேர்த்தார். 2021இல் வெளிவந்த முடிவு தெளிவானது: ஒரே அணியில் வேறு சாதியினரோடு ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது, எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடையே அந்த நன்மை இல்லை, பெரும்பாலும் எதிர்விளைவே இருந்தது. வட இராக்கில் கிறிஸ்தவக் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூஸா நடத்திய ஆய்வு (2020) இன்னொரு எச்சரிக்கையைச் சேர்த்தது. களத்தில் பழக்கம் மாறியது. களத்துக்கு வெளியே மாற்றம் குறைவாகவே இருந்தது.

இந்தப் பாடம் திருத்தணிக்கு நேராகப் பொருந்தும். மொழிவழி எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்த பகுதி இது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. தெருவுக்கு ஓர் அணி, சமூகத்துக்கு ஓர் அணி என்று போட்டி வைத்தால் இருக்கும் கோடுகள் ஆழமாகும். சீட்டுக் குலுக்கி அணி பிரித்தால் அந்தக் கோடுகள் மங்கும். செலவு இரண்டுக்கும் ஒன்றே.

சட்டமும் வேலையும்

மனம் மாறட்டும், பிறகு வாய்ப்புத் தரலாம் என்று காத்திருந்தால் தலைமுறைகள் கழிந்துவிடும். வாய்ப்பை முதலில் கொடுத்தால் மனம் பின்னால் வரும். அமெரிக்காவில் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ‘டைட்டில் 9’ சட்டம் 1972இல் வந்தது. அப்போது உயர்நிலைப் பள்ளி அணிகளில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. பின்னாளில் அந்த எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை என்று சொல்லப்பட்டு வந்தது. இல்லாமல் இருந்தது வாய்ப்பு.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடும், 12,525 கிராம ஊராட்சிகளுக்கான விளையாட்டு உபகரணத் தொகுப்பும் இதே திசையில் எடுத்த நடவடிக்கைகள். வேலை என்பது குடும்பத்தின் எண்ணத்தை மாற்றும் வலுவான வாதம். கடலூரைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியவர், 2018இல் தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் வென்ற தமிழ்நாட்டு அணியில் இருந்தவர், காவல்துறையில் எஸ்.ஐ. ஆனவர். “விளையாடி என்ன ஆகப்போகுது?” என்ற கேள்விக்குக் காக்கிச் சீருடை நேரடியான பதில்.

ஆனால் பரிசையும் வேலையையும் மட்டும் காட்டிப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைப்பதில் ஆபத்து உண்டு. பதக்கமும் ஒதுக்கீடும் மிகச் சிலருக்கே எட்டும். அதற்காக மட்டும் வந்தவர்கள், அது கிடைக்காது என்று தெரிந்ததும் விலகிவிடுவார்கள். ஆடும் சுகம், தோழமை, தன் உடம்பு தனக்குக் கட்டுப்படும் மகிழ்ச்சி ஆகியவை பிடிபட்டவர்கள்தான் நாற்பது வயதிலும் ஆடுகிறார்கள்.

திருத்தணி போன்ற ஊரில் செய்யக்கூடியவை

முதலாவது, பி.டி. பீரியடை யாரும் தொடாமல் காப்பது. ஓட்டத்தைத் தண்டனையாக்குவதை நிறுத்துவது. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் யாரும் வெளியேறி உட்கார வேண்டாத ஆட்டங்களையே வைப்பது. பள்ளி விளையாட்டு விழாவில் தாய்மாருக்கும் தந்தையருக்கும் கட்டாயம் ஒரு போட்டி வைப்பது. கைத்தட்டல் கேட்ட தாய் மகளைத் தடுக்க ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்.

இரண்டாவது, பெண்பிள்ளைகளின் தடைகளை ஒவ்வொன்றாக எடுப்பது. உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, மாதவிடாய் நாட்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் ஆசிரியை, இருட்டும் முன் பயிற்சி முடிந்து கிராமத்துக்குப் பஸ் பிடிக்கும் நேரம் என இவை சரியானால் “அனுப்ப மனசில்லை” என்று சொன்ன வீடுகளில் பல அனுப்பிவிடும். தறி வீடுகளின் வேலை நேரத்தைக் கேட்டறிந்து பயிற்சியை அதற்கேற்ப வைப்பதும் இதே வகை.

மூன்றாவது, ஊர் ஏற்கெனவே அறிந்த ஒழுங்கைப் பயன்படுத்துவது. காவடிக்கு விரதம் இருப்பவருக்குத் தொடங்கும் நாள் உண்டு, முடியும் நாள் உண்டு, உணவுக் கட்டுப்பாடு உண்டு, கூட வரும் குழு உண்டு, எல்லார் அறிய எடுத்த உறுதி உண்டு. பழக்கம் நிலைக்க உளவியல் சொல்லும் கூறுகள் இவையே. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் அரை மணி நேரம் நடப்பது அல்லது ஓடுவது என்று பத்துப் பேர் சேர்ந்து உறுதி எடுத்தால், தனியாக எடுக்கும் தீர்மானத்தைவிட அது நிலைக்கும். கோயிலின் புனிதத்தைப் போட்டியாக்கவேண்டியதில்லை. அந்த ஊக்கத்தின் வடிவத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

நான்காவது, மாற்றத்தை அளப்பது. லூயி தர்ஸ்டன் 1928இலும் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இலும் உருவாக்கிய அளவுமுறைகள் இன்றும் பயன்படுகின்றன. “முழுமையாக ஏற்கிறேன்” முதல் “சிறிதும் ஏற்கவில்லை” வரை ஐந்து நிலைகளில் விடை கேட்கும் எளிய வினாத்தாளை ஆண்டுதோறும் ஒரே வகுப்புக்கும் அவர்கள் பெற்றோருக்கும் கொடுக்கலாம். கேட்பவரை மகிழ்விக்கவே பலரும் விடை சொல்வார்கள் என்பதால் செயலையும் எண்ணவேண்டும்: கட்டாயம் இல்லாத மாலைப் பயிற்சிக்கு எத்தனை பேர் தாமாக வருகிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்பு வந்தபின் எத்தனை பேர் தொடர்கிறார்கள்.

மாற்றம் ஒரே ஆண்டில் வராது. எண்ணம் முன்னால் போய் செயல் பின்தங்கலாம். ஒரு தோல்வியோ ஒரு காயமோ பழைய பேச்சை மீண்டும் கொண்டுவரலாம். அறிவுரை, அனுபவம், முன்மாதிரி, வாய்ப்பு, தோழமை ஆகிய ஐந்தும் சேர்ந்து நடக்கும் இடத்தில் மட்டுமே அது வேரூன்றுகிறது. இவற்றில் அறிவுரைதான் மலிவானது, பலனும் குறைவானது. பிள்ளைக்கு நல்ல முதல் அனுபவத்தைத் தரும் ஓர் உடற்கல்வி ஆசிரியரும், அவருக்கு நேரமும் மைதானமும் விட்டுக்கொடுக்கும் ஒரு பள்ளியும், அக்கம்பக்கத்துப் பேச்சை மீறி மகளை அனுப்பும் சில வீடுகளும் அமைந்தால், ஓர் ஊர் விளையாட்டைப் பார்க்கும் பார்வை ஒரு தலைமுறைக்குள் மாறும். அந்த வீடுகள் கூடக்கூட, விளையாடி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள்.